ஒரு பாதைக்கு ஒரு குறுக்கீடு

2003 மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். ஏழாம் தாளில், மூன்றாம் லயத்திலிருந்து பீலிக்குப் போகும் கோட்டைப் பிள்ளைக் காம்பராவின் மேல்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். கீழ்ப்பக்கமாகக் கொண்டுபோய்விட்டேன். அதனால் அது இரண்டாம் லயத்திலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு வரும் கோட்டைத் தேவையில்லாமல் ஒரு தடவை குறுக்கிடுகிறது. வகுப்புக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அழிறப்பர் கைவசம் இல்லை. நாளை திருத்தினால் போதும் என்று நினைக்கிறேன். பெரிய பிழை இல்லை என்றும் நினைக்கிறேன். நான் நினைப்பது சரிதானா என்று தெரியவில்லை.

இதை எழுதிய ஜீவராணிக்கு இருபத்தொரு வயது. வட்டகொடைக்கு மேலே, கிளென்வாரித் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் பகல் முழுக்கத் தொட்டில் ஆட்டுவாள். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் தலவாக்கலைக்குப் போய்ப் படவரைதல் படித்தாள். ஒரு கோட்டை மூன்று தரம் அளப்பாள். மூன்றும் ஒத்துவந்தால், அடிமட்டமே பிழையாக இருக்குமோ என்று கவலைப்படுவாள். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான நாலு லயங்கள் நிற்பதும் இடிவதும் இவளுடைய பென்சில் நுனிக்கு வந்து சேர்ந்த கதை இது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாம் லயத்திலிருந்து ஒரு கல்யாண ஊர்வலம் கோயிலுக்குப் புறப்பட்டது. அதே நேரம் இரண்டாம் லயத்திலிருந்து ஒரு பிரேத ஊர்வலம் சுடுகாட்டுக்குப் புறப்பட்டது. இரண்டு ஒற்றையடிப்பாதைகள் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் முகத்துக்கு முகம் நின்றன. செத்தவருக்கு வழி விடுங்கள் என்றார்கள் ஒரு பக்கம். முகூர்த்தம் போகிறது என்றார்கள் மறுபக்கம். செத்தவருக்கு இனிமேல் என்ன அவசரம் என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் பதில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் வந்தது. பத்து நிமிடத்தில் பதினொரு மண்டைகள் உடைந்தன. தப்படிக்க வந்தவர்கள் தப்பைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியோடு உள்ளே இறங்கினார்கள். பாடை கவிழ்ந்து, செத்தவர் ஒரு தேயிலைச் செடியில் சாய்ந்து உட்கார்ந்தபடி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு ஒரு காதுதான் இருந்தது.

ஒரு கூட்டம் இரண்டு நிமிடம் ஒதுங்கி நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் அதைச் சொல்ல ஒரு சபை தேவைப்படாது. ஆகவே மாசி பிறந்ததும் கொழும்பிலிருந்து பாதை ஒழுங்குச் சபை வந்து இறங்கியது.

சபையின் பணிப்பாளர் பாலச்சந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையில் நாலு நிறத்தில் நாலு பேனா வைத்திருந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், கொழுந்துக் கூடைகளோடு நின்றவர்களைப் பார்த்து அவர் பேசினார்.

“அன்பான தோட்ட மக்களே, நான் இஞ்சை ஆக்களைப் பாக்க வரேல்லை. ஆக்களைப் பாத்தால் பாதை தெரியாது. பாதையள் குறுக்கிடுறபடியால்தான் சண்டை வருது. பாதையள் குறுக்கிடாட்டில் சண்டை வராது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது கூட்டம் எடுத்தது. பத்தாவது கூட்டத்திலை சாப்பாடு மட்டும்தான்.”

“அந்தப் பத்தாவதுக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கலாமுங்க சேர்” என்றார் மூன்றாம் லயத்து மூக்கன். வயது அறுபதைத் தாண்டியவர், முன்பற்கள் நாலையும் தை மாதத்துச் சண்டையில் விட்டவர். சபை அவருடைய பேச்சைக் குறிப்பில் எழுதிக்கொண்டது.

சுற்றறிக்கை இலக்கம் மூன்று அன்றே ஒட்டப்பட்டது. நாலு லயங்கள். ஆட்கள் தினமும் போகிற நாலு இடங்கள்: தண்ணீர் பிடிக்கும் பீலி, பிள்ளைக் காம்பரா, பெரட்டுக்களம், கோயில். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பாதை வேண்டும். மொத்தம் பதினாறு பாதைகள். ஒன்றும் ஒன்றைக் குறுக்கிடக்கூடாது.

“தோட்டத்திலை கோடு கீறத் தெரிஞ்ச ஆள் ஆர்?” என்று பணிப்பாளர் கேட்டார். நூறு விரல்கள் ஜீவராணியைக் காட்டின.

அவள் முறைப்படி தொடங்கினாள். முதலில் சின்னதாக மூன்று லயம், மூன்று இடம் என்று வைத்துப் பார்த்தாள். ஒன்பது பாதைகளில் எட்டுப் பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் போய்ச் சேர்ந்தன. ஒன்பதாவது பாதை எங்கே சுற்றினாலும் வேறொன்றின் மேல் ஏறிக்கொண்டுதான் போயிற்று. தாளைத் திருப்பினாள். லயங்களை இடம் மாற்றி வைத்தாள். காட்டுப் பக்கமாகச் சுற்றினாள். எட்டுத்தான் வந்தது.

“ஒன்பதாவது பாதை எதையாச்சும் குறுக்கிடாம போகமாட்டேங்குது சேர்.”

“எத்தினை தரம் கீறிப் பாத்தனீர் பிள்ளை?”

“நாப்பத்தொரு தரம் சேர்.”

“நாப்பத்திரண்டாவது தரம் சரிவருமோ எண்டு யோசிச்சனீரோ?”

யோசித்திருந்தாள். அதுதான் அவளுடைய வியாதி.

சபை பதினோராவது தடவையாகக் கூடி மனம் இளகியது. சுற்றறிக்கை இலக்கம் ஒன்பது: ஒரு பாதையை இன்னொரு பாதை ஒரே ஒரு தடவை குறுக்கிடலாம். ஒவ்வொரு குறுக்கீட்டிலும் ஒரு காவலர் நிற்பார். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் அதைக் கடக்கலாம். எந்த லயத்துப் பாதையாவது இரண்டாம் தடவை குறுக்கிடப்பட்டால், அந்தப் பாதை புறப்படும் லயம் அகற்றப்படும். அகற்றப்படும் என்றால் இடிக்கப்படும் என்று மூக்கன் எல்லோருக்கும் விளக்கினார். ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஆறு பேர் என்று ஜீவராணி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள்.

சுற்றறிக்கை இலக்கம் பதினொன்று: படத்தில் பெயர்கள் எழுதக்கூடாது, புள்ளிகள் மட்டும். “பேர் போட்டால் பாசம் வந்திடும்” என்றார் பணிப்பாளர்.

காவலர்களுக்குத் தலைவனாக முதலாம் லயத்துக் கந்தப்பன் நியமிக்கப்பட்டான். கவ்வாத்து வெட்டுகிறவன். பள்ளிக்கூடம் போகாதவன், ஆனால் சுற்றறிக்கைகளைப் பிறர் வாசிக்கக் கேட்டு, தேவாரம் போல மனப்பாடம் செய்திருந்தான். எழுத்துத் தெரியாவிட்டாலும் படம் தெரியும். தாளில் ஒரு புள்ளியைக் காட்டினால் அது எந்தச் செடிக்குப் பக்கத்தில் என்று சொல்வான். ஒரு கொய்யாக் கம்பும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். முதலில் விசிலா அடியா என்று அவன் கேட்டான்.

“முதல் அடி. பிறகு விசில்” என்றார் பணிப்பாளர். “விசிலை முதல் ஊதினால் ஆக்கள் விலகிப் போயிடுவினம். பிறகு ஆரை அடிக்கிறது?”

புதுப் பாதைகளைத் திட்டமிடுவதற்கு முன், இருக்கிற பாதைகளை அப்படியே படமாக்கும்படி சபை கேட்டிருந்தது. அந்தப் படம்தான் ஏழாம் தாள். புதன்கிழமை காலையில் ஜீவராணி தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பணிப்பாளர் தாளை மேசையிலிருந்து எடுத்தார். குறுக்கீடுகளைச் சிவப்புப் பேனாவால் எண்ணி, முத்திரை குத்திவிட்டார். மத்தியானம் கந்தப்பன் தாளோடு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தான்.

“ஜீவா புள்ள, இந்த எடத்துல ஒரு குறுக்கீடு போட்டிருக்கியே, அங்க ஒண்ணுமில்லையே. வெறும் தேயிலதான் நிக்குது. ரெண்டு பாதையும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்லையே.”

அவள் ஓடிப்போய்ப் பணிப்பாளரிடம் தன் பிழையைச் சொன்னாள். அழித்துத் தருவதாகக் கெஞ்சினாள்.

“முத்திரை குத்தின படத்தை அழிக்கிறதோ?” பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, படம் பிழை எண்டால் முத்திரை பிழை. முத்திரை பிழை எண்டால் சபை பிழை. சபை பிழை எண்டால் நான் ஏன் இஞ்சை இருக்கிறன்? அப்ப பிழை ஆர்? தரை.”

அன்று பிறந்ததுதான் சுற்றறிக்கை இலக்கம் பதினாலு: படமும் தரையும் ஒத்துவராவிட்டால் தரை திருத்தப்படும். படத்தில் இருப்பது தரையில் இருக்க வேண்டும். படத்தில் இல்லாதது தரையில் இருக்கக்கூடாது.

எட்டு ஆட்கள் ஒரு பகல் முழுக்க வேலை செய்தார்கள். பெற்ற குழந்தை போல வளர்த்த நாற்பத்து மூன்று தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கி, சரிவில் படி வெட்டி, ஒன்றையொன்று பாராத இரண்டு பாதைகளையும் இழுத்துவந்து சந்திக்க வைத்தார்கள். அங்கே கந்தப்பன் கம்போடு நின்றான். இனிமேல் மூன்றாம் லயத்துக்காரர் தண்ணீருக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீவராணியின் அம்மா மீனம்மா குடத்தோடு இறங்கினார். எதிரே இரண்டாம் லயத்துப் பெண் ஒருத்தி குழந்தையோடு வந்தாள். குழந்தைக்காரிக்கு வழி விடலாம் என்று மீனம்மா ஒதுங்கி நின்றார். ஒதுங்கிய இடமும் குறுக்கீட்டுக்குள்தான் இருந்தது. கம்பு குடத்தில் பட்டு, குடம் நசுங்கி, இரண்டாவது வீச்சு மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பீலி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் விசில் கேட்டது.

“மன்னிச்சிருங்கக்கா” என்றான் கந்தப்பன். அக்காவைத் தன் முதுகில் சுமந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் அவன்தான். காயப் படிவத்தை மூன்று பிரதியில் நிரப்பச் சொன்னார்கள். காயப்பட்டவர் எந்தப் பாதையில் வந்தார் என்று கேட்டிருந்தது. காயம் எங்கே என்று கேட்கவில்லை.

மருந்து கட்டி வந்த மீனம்மா அடுப்படியில் உட்கார்ந்து மகளைப் பார்த்தார்.

“அங்கன எந்தப் பாதையும் குறுக்க போகலையேடி. நான் முப்பது வருசமா நடக்குறேன்.”

“நான்தாம்மா போட்டேன். கை தவறி.”

“கோடு போட்ட கையி நல்லா இருக்கு. கொழுந்து பறிச்ச கையி போச்சு” என்றார் மீனம்மா. பிறகு ஒற்றைக் கையால் மா பிசையத் தொடங்கினார். ஜீவராணி அழவில்லை. நாட்குறிப்பில் தேதி போட்டு, அம்மா, வலது மணிக்கட்டு என்று மட்டும் எழுதினாள்.

அடுத்த மூன்று கிழமையும் அவள் பதினாறு பாதைகளோடு மல்லுக்கட்டினாள். ஒரு பாதை இரண்டு தடவை குறுக்கிடப்பட்டால் ஒரு லயம் போய்விடும். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பிள்ளைக் காம்பராத் தரையில் நாலு தீப்பெட்டியும் நாலு சட்டைப் பொத்தானும் வைத்து நூல் இழுத்துப் பார்த்தாள். ஒரு பகல் சலிப்பில் தீப்பெட்டிகளை ஒரே வரிசையாக வைத்தாள். நடுவில் இடைவெளி விட்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பொத்தான்களை அந்த வரிசைக்குக் குறுக்கே இன்னொரு வரிசையாக, மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலுவை போல ஆயிற்று. நூல்களைக் கட்டினாள். நாலு மூலையிலும் மூலைக்கு ஒரே ஒரு குறுக்கீடு. மொத்தம் நாலு. எந்த நூலும் இரண்டாம் தடவை குறுக்கிடப்படவில்லை. மூன்று தரம் எண்ணினாள். பிறகு எண்ணத் தெரிந்த ஒரு குழந்தையை எழுப்பி எண்ணச் சொன்னாள்.

லயங்கள் சிலுவை வடிவில் நிற்கவில்லை. ஆகவே பாதைகள் வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது. முதலாம் லயத்து வாசலிலிருந்து நாற்பது அடியில் இருந்த பீலிக்கு இப்போது அரை மைல். கோயிலுக்குப் போகிறவர்கள் மலையை ஒரு சுற்றுச் சுற்றிச் சாமிக்கு முதுகுப் பக்கமாக வந்து சேர்ந்தார்கள். பிழையாகப் பிறந்த குறுக்கீட்டையும் சபை மூடவிடாததால், நாலில் ஒன்றாக அதையே வைத்துக் கீற வேண்டியதாயிற்று. ஆனாலும் லயம் நாலும் நின்றன. மூக்கன் அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

“படிச்ச புள்ளன்னா இதான். தண்ணி மொண்டு வர்றதுக்குள்ள வேர்த்து ஊத்துது. ஆனா வீடு இருக்கு.”

சண்டை நின்றதா என்று கேட்டால், நின்றது. ஒருவரையொருவர் அடிக்க யாருக்கும் நேரமில்லை. சபை அடித்தது. சித்திரைக்குள் கால் முறிவு ஆறு, தோள் இறக்கம் நாலு, பல் எண்ணப்படவில்லை. கந்தப்பன் தன் சொந்த மைத்துனனையே கண் வீங்க அடித்துவிட்டு, பிறகு விசில் ஊதி, பிறகு அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். முன்னேற்ற அறிக்கையில் சபை இப்படி எழுதியது: “பொதுமக்களிடையே வன்முறை முற்றாக ஒழிந்தது. எஞ்சியுள்ள வன்முறை உத்தியோகபூர்வமானது.”

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு சபைக்குச் சொந்தமாக ஓர் அலுவலகம் இல்லாமல் இருப்பது அவமானமாகப் பட்டது. ஏப்ரல் இருபத்தொராம் திகதி, லயங்களுக்கு நடுவில், தகரக் கூரையும் பலகைச் சுவரும் போட்ட அலுவலகம் திறக்கப்பட்டது. பணிப்பாளர் நாடா வெட்டினார்.

“இனிமேல் ஒவ்வொரு நாளும் காலமை எல்லாரும் இஞ்சை வந்து, இண்டைக்கு எந்தப் பாதையாலை போறம் எண்டு கையெழுத்து வைக்கவேணும். இந்தக் கந்தோர் இல்லாமல் நீங்கள் எப்பிடி இவ்வளவு நாளும் நடந்தனியள் எண்டு எனக்கு விளங்கேல்லை.”

“காலால தாங்க சேர்” என்றார் மூக்கன். அந்த ஒரு வரிக்கு அன்று முதுகில் நாலு அடி.

அன்று பின்னேரம் ஜீவராணி பொத்தான்களைப் பரப்பி, ஐந்தாவதாக ஒரு பொத்தானை வைத்தாள். அலுவலகமும் ஓர் இடம்தானே. அப்படியானால் பாதைகள் இருபது. நூலை இழுத்தாள். ஏதோ ஒரு நூல் இரண்டாம் தடவை குறுக்கிடப்பட்டது. பொத்தானை மாற்றி வைத்தாள். இன்னொரு நூல். பத்து நாளில் அறுபத்தெட்டுத் தாள்கள் கீறினாள். அறுபத்தெட்டிலும் ஏதாவதொரு லயம் அகப்பட்டுக்கொண்டது.

தாள்களைக் கட்டிக்கொண்டு பணிப்பாளர் முன் நின்றாள்.

“இருபது பாதைக்கு முடியாதுங்க சேர்.”

“முடியாது எண்டு நிரூபிச்சுப்போட்டீரோ, அல்லது உமக்கு முடியேல்லையோ?”

இரண்டுக்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும். அறுபத்தொன்பதாவது தாள் எங்கேயோ இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

“எனக்கு முடியலைங்க.”

“அப்ப அது உம்மட குறை. உம்மட குறைக்காகச் சட்டத்தை மாத்தேலுமோ? சரி, எப்பிடிச் செய்தால் சரிவரும் எண்டு எழுத்திலை தாரும்.”

வேறு யாராவது என்றால் ஒரு வழியை மட்டும் எழுதியிருப்பார்கள். ஜீவராணி முறைப்படி நடப்பவள். இரண்டு வழி சரிவருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, இரண்டையும் எழுதினாள். ஒன்று: அலுவலகத்தை எடுத்துவிட்டால் நாலு லயம், நாலு இடம், பழைய சிலுவைப் படம் அப்படியே போதும். இரண்டு: ஒரு லயத்தை எடுத்துவிட்டால் மூன்று லயம், ஐந்து இடம், அதையும் கீறிப் பார்த்தேன், வருகிறது. கீழே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில்தான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

மே ஐந்தாம் திகதி தீர்மானம் ஒட்டப்பட்டது. மூன்றாம் லயம் அகற்றப்படும். பன்னிரண்டாம் திகதி திங்கள் காலை ஏழு மணி.

“ஏன் சேர் மூணாம் லயம்? அது எங்க லயமுங்க.”

“அதாலைதான்” என்றார் பணிப்பாளர், தன் நேர்மையில் தானே கரைந்து. “படம் கீறின பிள்ளையின்ரை வீட்டையே இடிச்சால், சபைக்குப் பாரபட்சம் இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். நீர் பெருமைப்படவேணும். வெள்ளிக்கிழமைக்குள்ளை கடைசிப் படத்தைத் தாரும். முத்திரை குத்தவேணும்.”

அந்த நாலு நாளும் மூன்றாம் லயத்தில் அடுப்பு சரியாக எரியவில்லை. சிலர் தட்டுமுட்டுகளைச் சாக்கில் கட்டினார்கள். இரண்டு வாலிபர்கள் கத்தியைத் தீட்டினார்கள். மூக்கன் அவர்களைத் திட்டினார். “ஒங்களால எட்டு மண்டைய ஒடைக்க முடியும். அவனுங்களுக்குப் பின்னால பொலிஸு வரும், ஜீப்பு வரும். அப்புறம் இருக்கிற மண்டைக்கெல்லாம் எங்கடா போறது?” மீனம்மா எதையும் கட்டவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு மகள் கீறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன தாளுடி கீறுற?”

“ரெண்டும்மா. ரெண்டு வழி எழுதிக் குடுத்தேன்ல. ரெண்டுக்கும் படம் இருக்கணும்.”

“கேட்டது ஒண்ணுதான?”

“ஆமாம்மா.”

“ரெண்டுலயும் எத்தன புள்ளி?”

ஜீவராணி எண்ணினாள். ஒன்றில் லயம் நாலு, இடம் நாலு. மற்றதில் லயம் மூன்று, இடம் ஐந்து. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பணிப்பாளர் கையை நீட்டினார். அவள் மேலே இருந்ததைக் கொடுத்தாள். அவர் பச்சைப் பேனாவை எடுத்துப் புள்ளிகளை எண்ணினார். “ஒன்பதிலை ஒண்டு போனால் எட்டு. சரி.” சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். “ஒண்டும் ஒரு தரத்துக்கு மேலை குறுக்கிடேல்லை. திறம்.” அவர் வந்த நாளிலிருந்து ஒரு பாதையிலும் நடந்தவரல்லர், ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவர். பெயரில்லாத எட்டுப் புள்ளிகள் அவருக்கு எட்டுப் புள்ளிகள்தான். முத்திரை விழுந்தது. திருப்பிக் கேட்டு வாங்கலாமா என்று ஜீவராணி வாசல் வரைக்கும் யோசித்தாள். முத்திரை குத்திய படத்தை மாற்ற முடியாது என்பது அப்போது ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கந்தப்பன் எட்டு ஆட்களோடும் அலவாங்கு, சம்மட்டிகளோடும் வந்தான். கையில் படம். மூன்றாம் லயத்து வாசலில் சாக்கு மூட்டைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீனம்மா கதவு நிலையில், இடது கையில் அரிவாள்மனையோடு நின்றார்.

“அடி. இந்தக் கையையும் அடிச்சிட்டு இடி” என்றார்.

கந்தப்பன் படத்தைப் பார்த்தான். லயத்தைப் பார்த்தான். படத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

“மூணாம் லயம், இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கரித்துண்டால் அந்தப் புள்ளியில் ஒரு குறி போட்டான். “ஏன்க்கா அருவாமனையோட நிக்கிறீங்க? ஒங்க லயம் படத்துல இருக்குதே.”

அவன் மேலே நடந்தான். நாலாம் லயம், இருக்கு. பீலி, இருக்கு. கோயில், இருக்கு. எட்டுக் குறியும் போட்டு முடித்துவிட்டு, தகரக் கூரை போட்ட அலுவலகத்தின் முன் வந்து நின்றான். படத்தில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். வெறும் தாள்.

உள்ளே பணிப்பாளர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முதல் சம்மட்டி சுவரில் விழுந்தபோது கோப்பை அவர் மடியில் கவிழ்ந்தது.

“டேய்! என்னடா செய்யிறாய்? இது கந்தோரடா!”

“படத்துல இல்லைங்களே சேர்.”

“மடையா, பிழையான படம் அது!”

“முத்திரை இருக்குங்க சேர்.” கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். “சுற்றறிக்கை பதினாலு. படமும் தரையும் ஒத்துவராவிட்டால் தரை திருத்தப்படும். படத்தில் இல்லாதது தரையில் இருக்கக்கூடாது.”

“அதை எழுதினது நானடா!”

“ஆமாங்க சேர். நீங்க எழுதினதத்தான் செய்றோம். கொஞ்சம் தள்ளிக்குங்க, தகரம் விழுகப்போகுது.”

தகரம் விழுந்தது. ஒரு மூலை பணிப்பாளரின் தோளைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கோப்பு அலுமாரி சாய்ந்து மூன்று பிரதிக் காயப் படிவங்கள் மலைக்காற்றில் தேயிலை மேல் பறந்தன. சபையின் மற்ற உத்தியோகத்தர் மூவர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் திரும்பியது, ஒருவர் சாக்கடையில் விழுந்து பற்களைத் தேடினார். சாகும் பயத்தில் பணிப்பாளர், அந்தத் தோட்டத்தில் முதல் தடவையாக, தன் காலால் ஒரு பாதையில் ஓடினார். பாதை அவரைப் பீலிப் பக்கம் இறக்கியது. நாற்பத்து மூன்று செடிகளைப் பிடுங்கி வெட்டிய படிகளில் அவர் உருண்டு வந்து நின்ற இடத்தில் மூக்கன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சேர்” என்றார் மூக்கன், நகராமல். “எடம் இருக்கு.”

பின்னால் ஓடிவந்த கந்தப்பன் பார்த்தான். குறுக்கீட்டில் இரண்டு பேர். முதலில் வந்தவர் மூக்கன். இரண்டாவதாக வந்தவர் யார் என்று பார்ப்பது சுற்றறிக்கையில் இல்லை. கொய்யாக் கம்பு பணிப்பாளரின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. மார்ச் மாதத்தில் கேட்ட அதே சத்தம் பீலி வரைக்கும் கேட்டது. பிறகு விசில்.

“மன்னிச்சிருங்க சேர்” என்று சொல்லி அவரை முதுகில் தூக்கிக்கொண்டவனும் கந்தப்பன்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் பணிப்பாளர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனார்: எந்தப் பாதையாலை போறாய், எந்தப் பாதையாலை போறாய். கந்தப்பன் கிட்டத்தில் இருந்த பழைய பாதையால் போனான். கையெழுத்து வாங்கவும் பதிவு பண்ணவும் இனி அலுவலகம் இல்லை.

மிச்ச உத்தியோகத்தர் மூவரும் ஜீப்பில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அன்று மத்தியானமே முதலாம் லயத்துக்காரர் பழையபடி நாற்பது அடி நடந்து பீலியில் தண்ணீர் பிடித்தார்கள். முதலாம் லயத்துக்காரி ஒருத்தியும் இரண்டாம் லயத்துக்காரி ஒருத்தியும் வழியில் முட்டிக்கொண்டு, நீ தள்ளு நீ தள்ளு என்று கொஞ்ச நேரம் திட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டார்கள். கந்தப்பன் கம்பை அடுப்புக்குக் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியைத் தேடினான். பின்னேரம் அவன் மூன்றாம் லயத்துக்கு வந்து மீனம்மாவின் வாசலில் நின்றான். அவர் கதவைத் திறக்கவில்லை. அவன் கொண்டுவந்த புதுக் குடத்தை வைத்துவிட்டுப் போனான். இருட்டும் வரைக்கும் அது வாசலிலேயே இருந்தது. பிறகு மீனம்மா இடது கையால் அதை உள்ளே எடுத்துவைத்தார்.

2003 மே 12, திங்கள்.

வெள்ளிக்கிழமை கொடுத்த தாளில் ஒரு பிழை இருந்ததாக எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பிரதியை எடுத்து மூன்று தரம் பார்த்தேன். பாதைகள் பதினாறு, குறுக்கீடுகள் நாலு, ஒரு பாதைக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. பிழை அகப்படவில்லை. ஐந்தாவது இடம் வைத்து முடியாது என்பதை நிரூபிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டு விரல் மடங்குகிறது, மூன்று மடங்கவில்லை.

நாளை காலை ஆறு மணிக்கு மூக்கனோடு போய்ப் பிழையாக வெட்டிய படிகளை மண் போட்டு மூட வேண்டும். நர்சரியில் நாற்பத்து மூன்று கன்று கேட்க வேண்டும். பின்னேரம் வகுப்புக்குப் போகும்போது அழிறப்பர் வாங்க வேண்டும்.